ஒரு பட்டைக்கு ஒரு பசை

என் வீட்டில் எனக்கென்று ஒரே ஒரு அறை இருந்தது. இருந்தது என்று எழுதவே மனசு வரவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். மனதிலேயே வைத்துக்கொண்டால் வெடித்துவிடுவேன்.

கூடத்தில் நான் விருந்தாளி. சமையலறையில் சந்தேகத்துக்குரிய ஆள். கட்டிலில் சுவரோரம் என்னுடையது, அதுவும் துவைத்த துணி குவிந்து கிடக்காத நாட்களில். பின்பக்க அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால்தான் நான் மனுஷன்.

அங்கே என்னென்ன இருந்தது தெரியுமா? ஆளுயரத்துக்குச் செய்தித்தாள்கள். எல்லாவற்றிலும் குறுக்கெழுத்துப் புதிர் பாதி போட்டு வைத்திருந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மீதியை முடிப்பதாகத் திட்டம். கல்லூரியில் போட்ட ஜீன்ஸ் பேண்ட்கள், தொப்பை கரைந்ததும் போட்டுக்கொள்ள. பள்ளிக்கூட வயதில் நானே செய்த பொம்மை விமானம், ஊதினால் பறக்கிற லேசான மரத்தில். ஒரு இறக்கை போய்விட்டது, ஒன்று இருந்தது. சுவர் நிறையப் பலகை அலமாரி, பலகை நிறையப் பழைய பனியன்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் என் நாற்காலி.

இழுத்து மூடிய ஒரு கம்பெனியின் ஏலத்தில் எடுத்தது அது. அசல் தோல். மேனேஜர் உட்கார்ந்த நாற்காலி. மூன்று கால்தான், நாலாவதுக்கு ஒரு செங்கல். நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து குமாஸ்தாவாகவே நரைத்தவன். அந்த நாற்காலியில் சாய்ந்து பேப்பரை விரித்தால் மட்டும் நான் மேனேஜர். யாரும் லீவு கேட்டு வரமாட்டார்கள், அது ஒன்றுதான் குறை.

என் மனைவி தையல்காரி. தெருவில் பாதி ஜன்னல்களுக்குத் திரைச்சீலை அவள் தைத்ததுதான். அவளுடைய கைமெஷின் சாப்பாட்டு மேஜையை அடைத்துக்கொண்டிருந்ததால் நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அவளுக்கு மோட்டார் வைத்த பெரிய மெஷின் வேண்டும். அதற்கு ஒரு அறை வேண்டும். எந்த அறை என்று உங்களுக்கே புரிந்திருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குப்பையைத் தூக்கிப் போடுங்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் ஒரு காகிதத்தைக்கூட விட்டுக்கொடுக்காமல் காவல் காத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறையிலிருந்து சத்தம் வந்தது.

"இந்தக் கத்தியால தக்காளியை வெட்ட முடியல, மிதிக்கத்தான் முடியுது! இந்த வீட்டுல எதுக்காவது கூர் இருக்கா?"

"ஏன், என் புத்திக்கு இல்லையா?" என்றேன்.

வாயைக் கொடுத்தேன். அவ்வளவுதான், என் கதை அங்கேயே முடிந்துவிட்டது.

"அப்படியா? அந்தப் பின் ரூம்ல அடைச்சு வச்சிருக்கீங்களே குப்பை, அதை வச்சு இந்தக் கத்தியைத் தீட்டிக் காட்டுங்க பாக்கலாம்."

"குப்பை இல்லம்மா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு உபயோகம் இருக்கு."

"இருந்தா காட்டுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தக் கத்தி பழுத்த தக்காளியை நசுக்காம வெட்டணும். அந்த ரூம்ல இருக்கறதை வச்சுத்தான் தீட்டணும். பூசறதுக்குப் பசை கிசை வேணும்னா வாங்கிக்குங்க. மத்தபடி வெளியிலேருந்து ஒரு துரும்பு வரக் கூடாது. என் கைப்பை, என் செருப்பு இதுங்க பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது."

"நான் ஜெயிச்சா?"

"அந்த ரூம்ல இருக்கற உங்க சாமான்ல ஒண்ணைக்கூட நான் தொடமாட்டேன். தூக்கிப் போடுங்கன்னு வாயையும் திறக்கமாட்டேன். ஆயுசுக்கும்."

"தோத்தா?"

"ரூமைக் காலி பண்ணிக் குடுங்க. என் மெஷின் அங்க வந்துடும்."

இவ்வளவு நியாயமான நிபந்தனையை என் மனைவி அதற்கு முன்னால் போட்டதே இல்லை. எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கைகொடுத்தேன். அவள் கழுத்தில் அளவெடுக்கும் நாடா தொங்கிக்கொண்டிருந்தது. தையல்காரி கழுத்தில் நாடா இல்லாமல் வேறென்ன தொங்கும் என்று விட்டுவிட்டேன்.

அறையில் ஒரு சாணைக்கல் கிடந்தது. அதில் கத்தியைத் தேய்த்தேன். தக்காளி முன்பைவிட நன்றாக நசுங்கியது.

"மாடி வீட்டு அண்ணனைக் கேளுங்களேன்" என்றாள் அவள், பாவம் பார்ப்பதுபோல. "அவருக்குத் தெரியாத கத்தியா?"

மாடி வீட்டு அண்ணன் சலூன் வைத்திருக்கிறார். தெருவே அவரைப் பிளேடு என்றுதான் கூப்பிடும். தொழிலை வைத்து வந்த பெயர் என்று நினைத்தால் தப்பு. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். கழுத்தில் சவரக்கத்தியை வைத்துக்கொண்டு பேசுவதால் எழுந்து ஓடவும் வழியில்லை. நான் கூப்பிட்டதும் உடனே இறங்கி வந்தார். மாடிப்படியிலேயே நின்று காத்திருந்தாரோ என்னவோ.

"கல்லுல தேய்ச்சா பாதி வேலைதான் தம்பி. ஓரத்துல கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிக்கும். அது போகணும்னா பட்டையில இழுக்கணும். பட்டைன்னா தோலா இருக்கலாம், முரட்டுத் துணியா இருக்கலாம், மரமா இருக்கலாம். ஏன், பேப்பரே போதும். ரூம்ல பேப்பர் இருக்கா?"

"பேப்பரா? வாங்க, காட்டறேன்" என்று பெருமையோடு கதவைத் திறந்தேன்.

செய்தித்தாளைத் தடிமனாக மடித்துப் பலகைமேல் வைத்து இழுத்தேன். கட்டு இரண்டாகப் பிளந்தது. அடுத்த கட்டை எடுத்தேன். அதுவும் பிளந்தது. காய்கறி நறுக்குகிற மாதிரி கூர்ப் பக்கத்தை முன்னால் தள்ளித்தான் நான் இழுத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மாலை அவர் வந்து எட்டிப் பார்த்தபோது முழங்கால் அளவு காகிதத் துண்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, பேப்பருக்கு முடி வெட்டுறீங்களா?"

"அண்ணே, பட்டை தாங்கமாட்டேங்குது."

"எப்படித் தாங்கும்? கத்தியோட முதுகு முன்னாடி போகணும். கூர் அதுக்குப் பின்னாடி, சத்தம் போடாம வரணும். கடைவீதிக்குப் போறப்ப தங்கச்சிக்குப் பின்னாடி பையைத் தூக்கிக்கிட்டு வருவீங்கள்ல, அந்த மாதிரி."

"இதை நேத்தே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே."

என் குறுக்கெழுத்துகள் மூட்டை மூட்டையாக வாசலுக்குப் போயின. நானே தூக்கிக்கொண்டு போனேன். மனைவி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எதையும் தொடலப்பா. கதவை மட்டும் பிடிச்சுக்கறேன்" என்றாள்.

அடுத்தது துணி. ஜீன்ஸ் காலை நீளமாகக் கிழித்து, அலமாரியிலிருந்து ஒரு பலகையை உருவி, அதன்மேல் ஒட்டினேன். வெறும் துணி போதாது, பசை வேண்டும் என்றார் பிளேடு அண்ணன். பசைதானே என்று பல் விளக்குகிற பசையைப் பிதுக்கினேன். அதுவும் தேய்க்கிற சமாசாரம்தானே?

மனைவி கத்தியை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"வாய் நாத்தம் போயிடுச்சுங்க. பல்லுதான் இன்னும் முளைக்கல."

ரோஷம் வந்துவிட்டது. நேராக ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் சோப்புக்கட்டி மாதிரி நிறம் நிறமாக எடுத்து அடுக்கினார்.

"சாம்பல் முரடு. பச்சை நைஸ். சிவப்பு நகைக்கு, உங்க கத்திக்கு அது காணாது. இது வைரப் பசை, நைஸிலும் நைஸ்."

"வைரமா?"

"அசல் வைரத் தூள் சார். எண்ணெயில குழைச்சது."

சிவப்பை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் வாங்கிக்கொண்டு வந்தேன். மனைவி வைரப் பசை இருந்த சின்னக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இந்த வீட்டுக்குள்ள வைரம்னு ஒண்ணு வந்ததே இல்ல. இன்னிக்கு வந்திருக்கு. யாருக்கு? கத்திக்கு!"

நான் குழாயைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன். நின்றால் அடுத்து மோதிரம் பற்றிப் பேச்சு வரும்.

மூன்று பசையையும் அதே ஜீன்ஸ் பட்டையில் தாராளமாகப் பூசினேன். நல்லது மூன்று சேர்ந்தால் மூன்று மடங்கு நல்லதாகத்தானே இருக்கவேண்டும்? பலம் உள்ள மட்டும் அமுக்கி அமுக்கி இழுத்தேன். கத்தி கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. அதில் என் முகம் தெரிந்தது. தக்காளியின்மேல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

பிளேடு அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அட கடவுளே! ஒரு பட்டைக்கு ஒரு பசை தம்பி! முரடையும் நைஸையும் ஒண்ணாப் பூசினா முரடு போட்ட கீறல்தான் மிஞ்சும். ஒரே தலையில பாதி மொட்டை, பாதி கிராப்பு வெட்டுவாங்களா? அப்புறம் இப்படியா அமுக்கறது? துணி குழிஞ்சு கத்தியோட கூரையே மழுக்கிடுச்சு பாருங்க. தூங்கற குழந்தை கன்னத்தைத் தடவற மாதிரி இழுக்கணும்."

"இப்ப என்ன பண்றது?"

"சாம்பலுக்குத் தனியா ஒரு துணிப் பட்டை. பச்சைக்குத் தோல். வைரத்துக்கு மரம். கடைசியா பசையே போடாத வெறும் தோல் ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு பலகை. ஒரு பட்டையிலேருந்து அடுத்த பட்டைக்குப் போறப்ப கத்தியைத் துடைக்கணும், ஒவ்வொரு தடவையும் புதுத் துணி. ரூம்ல இதெல்லாம் இருக்கா?"

இருந்ததே! அதுதான் என் தலையெழுத்து. எது கேட்டாலும் என் அறையில் இருந்தது. மீதி ஜீன்ஸ்கள் பட்டைகளாயின. முதல் பட்டை கோணல், இரண்டாவதைக் கத்தி கிழித்தது, மூன்றாவதில் பசை உதிர்ந்தது. பனியன்கள் எல்லாம் கத்தி துடைத்துக் கறுத்துப் போயின. அலமாரியில் பலகைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் சட்டம் மட்டும் நின்றது. அதையும் எதற்கு என்று கழற்றிவிட்டேன். ஒவ்வொரு மூட்டை போகும்போதும் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வைரப் பசைக்கு மரம் தேடவேண்டிய நாள் வந்தது.

"சாதா மரம் ஆகாது தம்பி. மிருதுவா இருக்கணும், பசையை உள்ள இழுத்துக்கணும். பால்சான்னு ஒரு மரம் உண்டு, விமானப் பொம்மை எல்லாம் செய்வாங்களே..." என்று சொல்லிக்கொண்டே அண்ணன் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். விட்டத்தில் நூலில் கட்டின என் விமானம் ஆடிக்கொண்டிருந்தது.

டீயோடு வந்த என் மனைவி பதறிப்போனாள்.

"ஐயோ அண்ணே, அது வேண்டாம்! அது அவரோட உசிரு. ஏங்க, விமானத்தை வெட்டித்தான் ஜெயிக்கணுமா? பேசாம தோத்துட்டேன்னு ஒத்துக்குங்க. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

தோற்றுவிட்டேன் என்று ஒத்துக்கொள்வதா! நான் ஸ்டூலில் ஏறி விமானத்தை இறக்கினேன். மூக்குக்குக் கீழே சின்ன வயதில் சாயத்தால் எழுதிய என் இனிஷியல் அப்படியே இருந்தது. இருந்த ஒரு இறக்கையையும் வெட்டினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இறக்கை போன விமானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உடம்பையும் அறுத்து உபரிப் பட்டையாக்கிக்கொண்டேன்.

தோல் பாக்கி.

அண்ணன் நாற்காலியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். மனைவி நாற்காலியின் கையை முந்தானையால் துடைக்கப்போனவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"தொடமாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல" என்று கையை இழுத்துக்கொண்டாள். "ஆனா நாற்காலி மட்டும் வேண்டாங்க. மனசு கேக்கல. இதுல உக்காந்தாத்தான் நீங்க கொஞ்சம் சிரிக்கறீங்க."

அந்த வார்த்தையில் எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. என்மேல் இவ்வளவு பாசமா? இவளுக்காகவாவது ஜெயித்துக்காட்ட வேண்டும் என்று கத்தியை எடுத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். இதைவிட முட்டாளை நீங்கள் எங்கேயும் பார்க்க முடியாது.

நாற்காலியின் முதுகுத் தோல் வெடித்திருந்தது. உட்காரும் தோல் தொளதொளவென்று இருந்தது. கைகளில் வியர்வை ஊறித் தோல் மரத்துப் போயிருந்தது. எல்லாவற்றையும் உரித்துப் பார்த்தபிறகு, முதுகின் பின்பக்கம், சுவரைப் பார்த்தபடி இருந்த இடத்தில், நல்ல தோல் கிடைத்தது. ஒரு முழம் தேறியது. பச்சைக்கு ஒரு துண்டு, வெறும் பட்டைக்கு ஒரு துண்டு. உரித்த நாற்காலி கம்பியும் பஞ்சுமாக என்னைப் பார்த்தது. பார்க்கச் சகிக்கவில்லை. பழைய சாமான்காரரைக் கூப்பிட்டு நானே தூக்கிக் கொடுத்தேன். செங்கல்லையும் கேட்டார். கொடுத்தேன்.

சனிக்கிழமை முழுக்க இழுத்தேன். சாம்பல், துடை. பச்சை, துடை. வைரம், துடை. கடைசியில் வெறும் தோல். முதுகு முன்னால், கூர் பின்னால், குழந்தைக் கன்னம். பேசினால் அறை எதிரொலித்தது. வெற்றி நெருங்கினால் குரலே கணீரென்று ஆகிவிடுகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். காற்றும் நன்றாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. மேஜைமேல் பழுத்த தக்காளி. மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கத்தியைத் தக்காளியின் மேல் வைத்தேன். அமுக்கவில்லை. லேசாக இழுத்தேன். கத்தி தானாக இறங்கியது. ஒரு வட்டம் தனியாக விழுந்தது. ஒரு சொட்டுச் சாறு வரவில்லை. இன்னொரு வட்டம். இன்னும் மெல்லிசாக இன்னொன்று.

"பாத்தியா! இதுக்கு அடியில பேப்பரை வச்சா எழுத்தே படிக்கலாம். எங்க, ஒரு பேப்பர் எடு!"

"பேப்பர் ஏதுங்க?" என்றாள்.

"சரி விடு. ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன். நீங்கதான் ஜெயிச்சீங்க. உங்க சாமான்ல ஒண்ணைக்கூட நான் தொடமாட்டேன். தொட்டேனா? சொல்லுங்க, ஒண்ணையாவது தொட்டேனா?"

"தொடல" என்றேன். கல்யாணமாகி முதல் வெற்றி. மேனேஜர் நாற்காலியில் ஜம்மென்று சாய்ந்து இதைக் கொண்டாட வேண்டும் என்று, வெற்றி மயக்கத்தில் எல்லாம் மறந்து, பின் அறைக்குப் போனேன்.

கதவைத் திறந்தேன்.

நான்கு சுவர். ஒரு ஜன்னல். தரையில் என்னுடைய பட்டைகளும் சாணைக்கல்லும். நடுவில் நாற்காலி கிடந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் நீளவாக்கில் ஒரு கட்டம் வரைந்திருந்தது. தையல்காரிகள் துணியில் போடுகிற மாதிரி நேர்க்கோடு.

வாசல் மணி அடித்தது.

ஒரு ஆள் பெரிய அட்டைப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பெட்டிமேல் தையல் மெஷின் படம். மோட்டார் வைத்தது.

"மேடம், ரூம் காலியாயிடுச்சா? இந்த ஞாயித்துக்கிழமைதான் காலியாகும், முன்னாடி கொண்டுவந்துடாதீங்கன்னு சொன்னீங்களே."

"எப்ப சொன்னாங்க?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"அது ஆச்சு சார், ரெண்டு வாரம் இருக்கும்."

போட்டி போட்டது போன ஞாயிற்றுக்கிழமை.

அவருக்குப் பின்னாலேயே பிளேடு அண்ணன், கையில் ஒரு மூட்டை வெள்ளைத் துணியோடு.

"தங்கச்சி, சலூனுக்குப் போர்த்தற துணி கொண்டாந்துட்டேன். முதல் தையல் நம்மளுதுன்னு பேசினோம்ல? என் பங்கு வேலையை நான் ஒழுங்கா முடிச்சுட்டேன்."

"அண்ணே, நீங்களுமா?" என்றேன்.

ஜென்மத்தில் முதல்முறையாக அந்த மனுஷன் பேசவில்லை.

மனைவி என் பக்கத்தில் வந்து தோளில் கைவைத்தாள். "கோவிச்சுக்காதீங்க. ஜன்னல் பக்கம் ஒரு ஆணி அடிச்சுத் தர்றேன். உங்க பட்டையெல்லாம் அதுல மாட்டிக்கலாம்."

மெஷின் கொண்டுவந்தவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நகத்தால் சுரண்டினார். கையால் இழுத்தார். கம்பெனிக்காரர்கள் டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றியிருந்தார்கள்.

"சார், வீட்டுல கூரா ஒரு கத்தி இருக்குமா?"

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். எடுத்துக் கொடுத்தேன். ஒரே இழுப்பில் திறந்துவிட்டது.